ஷமிசோவின் நாற்காலி

சக்குப்வா, முத்தாரே
18 ஏப்ரல் 2004

என் தம்பி தவுராய்க்கு,

நீ இருந்தால் நானும் இருக்கிறேன். நம் ஊர் நலவிசாரிப்பை வழக்கம்போல் எழுதிவிட்டேன். என் பெண் ஷமிசோவை மண்ணில் வைத்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இதற்கெல்லாம் எனக்கு வார்த்தை கிடையாது.

நீ வராததற்கு யாரும் உன்னைத் திட்டவில்லை. காகிதம் இல்லாமல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அடக்கத்தன்று வினெட் அத்தை சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். கல்யாணம் ஆகாமல், பிள்ளை பெறாமல் போகிறவளை, பிள்ளை கட்டாத வெறும் முதுகோடு அனுப்பக் கூடாது, அனுப்பினால் "எனக்கு எங்கே?" என்று கேட்டுத் திரும்பி வருவாள் என்றார். மணி உதிர்த்த மக்காச்சோளத் தக்கை ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மாதான் பெட்டிக்குள் குனிந்து, "இந்தா உன் பிள்ளை, இனி கேட்டு வராதே" என்று சொல்லி வைத்தார். எனக்குப் பார்க்கத் தெம்பில்லை. முந்தானைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டேன்.

இப்போது அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். போன வருஷம் மறதி என்று சொன்னோமே, அது இப்போது மறதி இல்லை. நான் சந்தைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். வேறு வழி தெரியவில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை உள்ளே புகை. பக்கத்து வீட்டுத் தினாஷேயின் அம்மா ஜன்னலை உடைத்து உள்ளே போயிருக்கிறாள். கெட்டிலில் தண்ணீர் சுண்டி, பிடி உருகி ஒழுகிக்கொண்டிருந்ததாம். சந்தையில் எல்லார் முன்னாலும் வந்து கத்தினாள்.

"பெத்தவளப் பூட்டி வெச்சிட்டு இங்க தக்காளி விக்கிறியா? கோழியக்கூட இப்படிப் பூட்ட மாட்டாங்கடி!"

வீட்டுக்கு ஓடிவந்து, "யாருக்கும்மா டீ போட்டே?" என்று கேட்டேன்.

"ஷமிசோவுக்குத்தான். தையல் கிளாஸ் விட்டு வர்ற நேரமாச்சே. நீ என்ன அம்மாவோ, பொண்ணு பசியோட வர்றது தெரியல."

தம்பி, இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அம்மா தினமும் அவளோடு பேசுகிறார். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கோப்பை வைத்து, அவள் சொன்னதற்குச் சிரிக்கிறார். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்கிறேன். பெற்றவள் நான். என்னிடம் அவள் ஒரு நாள்கூட வரவில்லை.

உன் அக்கா,
ஒத்திலியா

லெஸ்டர்
9 மே 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருந்தால் நானும் இருக்கிறேன். கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

அக்கா, கோபப்படாமல் படியுங்கள். அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் விடலாம். நான் இங்கே ஊரார் பெற்றவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன், என் அம்மாவை இல்லத்தில் விடு என்று எழுதுகிறேன். எனக்கும் கை கூசுகிறது. ஆனால் இந்த நோய் எனக்குத் தெரியும். பூட்டிய வீட்டில் அடுத்த முறை புகையோடு நிற்காது.

முத்தாரேயில் இரண்டு இல்லங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒன்று மலைமேல், ஒன்று தேவாலயத்தார் நடத்துவது. சொல்லிக்கொண்டு போகாதீர்கள். சாப்பாட்டு வேளையில் போய் நில்லுங்கள். அங்கிருப்பவர்களின் நகத்தைப் பாருங்கள். தண்ணீர்க் கோப்பை கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா பாருங்கள். தரை பளபளவென்று இருந்தால் மயங்கிவிடாதீர்கள். தரையைத் துடைப்பது சுலபம், ஒரு கிழவிக்குப் பொறுமையாக ஊட்டுவதுதான் கஷ்டம். முக்கியமாக, எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

குளிர் போய்விட்டது என்கிறார்கள். என் நெஞ்சுக்குள் இன்னும் போகவில்லை. இருமல்தான், பயப்படாதீர்கள்.

உங்கள் தம்பி,
தவுராய்

சக்குப்வா
20 ஜூன் 2004

என் தம்பிக்கு,

நீ இருந்தால் நானும் இருக்கிறேன். உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அதற்குள் அம்மா செருப்பில்லாமல் பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டார். எங்கே போறீங்க என்று கேட்ட கண்டக்டரிடம், "என் பேத்திக்குப் பிள்ளை பிறந்திருக்கு, பார்க்கப் போறேன்" என்றாராம். அதன் பிறகுதான் போய்ப் பார்த்தேன்.

மலைமேல் இருப்பதற்கு முதலில் போனேன். தரை நீ சொன்ன மாதிரியே பளபளப்பு. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரே நிறப் போர்வை. நகமும் சுத்தம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரையும் "பாட்டி, பாட்டி" என்றே கூப்பிட்டார்கள். ஒரு அம்மாவின் பேரைக் கேட்டேன். அங்கே வேலை செய்கிற பெண் கட்டிலின் கால்மாட்டில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் சொன்னாள். நம் அம்மா ஏற்கெனவே பாதி தொலைந்துவிட்டார். மீதியையும் அங்கே விட்டுவிட்டு வரவா?

அடுத்த வாரம் தேவாலய இல்லத்துக்கு அம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் கோழி திரிகிறது. சுவரில் சுண்ணாம்பு உரிந்திருக்கிறது. சட்ஸாக் களி கிண்டுகிற வாசனை. பொறுப்பாக இருக்கும் பெண்ணின் பேர் யூனிஸ், பருத்த உடம்பு. அம்மாவின் குலம் என்ன என்று முதலில் என்னிடம் தனியாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு மண்டியிட்டு, கை தட்டி, அந்தக் குலப்பேரைச் சொல்லி, "வாங்க, சிஹேரா! வீடு உங்களுக்காகத்தான் காத்திருக்கு!" என்றாள்.

தம்பி, நீ பார்த்திருக்க வேண்டும். அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. கையைக் குவித்துத் தட்டிப் பதில் சொன்னார். "சிஹேரா வீட்டுப் பொண்ணுங்கன்னா புருஷன்மார் வாசல்லதான் படுக்கணும்னு சொல்லுவாங்களே, நிசமா?" என்று யூனிஸ் கேட்டாள். "வாசல்லயா? நான் என் புருஷன வாசல் வரைக்கும்கூட விட்டதில்ல!" என்றார் அம்மா. அங்கே உட்கார்ந்திருந்த கிழவிகள் எல்லாம் சிரித்தார்கள். எத்தனை நாளாயிற்று அம்மா யாரையும் சிரிக்க வைத்து.

டீ வந்தது. அம்மா பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு, "என் பேத்தி வருவா, அவளுக்கும் ஊத்து" என்றார். யூனிஸ் இரண்டாவது கோப்பையிலும் ஊற்றினாள், சர்க்கரைகூடப் போட்டாள். என்னைப் பார்த்து மெதுவாக, "இங்க யாரு வந்தாலும் உக்கார இடம் இருக்கு, அக்கா" என்றாள்.

அந்த இடத்தையே முடிவு செய்துவிட்டேன். அம்மா போனால் ஷமிசோவும் போய்விடுவாள் என்பதுதான் என் பயமாக இருந்தது, உனக்குச் சொல்லவில்லை. நாற்காலி போடுகிற இடத்துக்காவது போகட்டும்.

உன் அக்கா,
ஒத்திலியா

சக்குப்வா
11 ஜூலை 2004

தவுராய்,

நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நாளைக்கு அம்மாவைக் கொண்டுபோய் விட வேண்டும். துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கறுப்புக் கோட்டு, அடக்கத்தன்று போட்டிருந்தாரே, அதை உதறினேன். உள்பையிலிருந்து விழுந்தது.

அந்தத் தக்கை.

அம்மா அதைப் பெட்டிக்குள் வைக்கவே இல்லை. சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொன்னார், குனிந்தார், கைக்குள்ளே இருந்ததை மறந்து பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். என் பெண் வெறும் முதுகோடு போயிருக்கிறாள். அதனால்தான் தினமும் வருகிறாள்.

வினெட் அத்தையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குதித்தார்.

"நான்தான் சொன்னேனே! அம்மாவுக்கு வந்தது நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொண்ணு வந்து கூப்பிடுறா. நீ என்னடான்னா வெள்ளைக்காரி மாதிரி இல்லத்துல கொண்டுபோய்த் தள்ளுறே. முதல்ல இதப் புதை. உன் தம்பியும் கல்யாணம் பண்ணிக்காம அந்த ஊர்ல கிடக்கான், அவனுக்கும் ஒரு தக்கை எடுத்து வெச்சுக்க."

அத்தையின் வாய் தெரிந்ததுதானே, மனதில் வைக்காதே.

புதைக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் புதைத்தால் அவள் வருவது நின்றுவிடும். அம்மா மூலமாகத்தான் அவள் என்ன சாப்பிட்டாள், எந்தச் சட்டை தைக்கிறாள் என்றெல்லாம் எனக்குத் தெரிகிறது. நேற்று மஞ்சள் துணியில் தைக்கிறாளாம். நான் என்ன செய்ய? சீக்கிரம் எழுது.

ஒத்திலியா

லெஸ்டர்
8 ஆகஸ்ட் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருந்தால் நானும் இருக்கிறேன்.

நான் வேலை செய்கிற இடத்தில் ஒரு கிழவர் இருக்கிறார். செத்துப்போன தம்பியோடு சீட்டு விளையாடுகிறார். தோற்றால் திட்டுகிறார். இன்னொரு அம்மா தினமும் சாயங்காலம் தன் அம்மாவைத் தேடிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். இவர்கள் வீட்டில் யாரும் தக்கை வைக்க மறக்கவில்லை, அக்கா. இவர்களுக்குத் தக்கை என்றால் என்னவென்றே தெரியாது. இது நோய்தான். அம்மாமேல் கோபப்படாதீர்கள். அன்றைக்கே அவருக்கு முற்றியிருந்தது, நாம்தான் வெறும் மறதி என்று விட்டுவிட்டோம்.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் எழுதுகிறேன்: புதைத்துவிடுங்கள். நோய் என்று தெரிந்தாலும் ஷமிசோ வெறும் முதுகோடு நிற்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளாவது ஓர் இடத்தில் உட்காரட்டும்.

அத்தையிடம் சொல்லுங்கள், இங்கே பெண் தேட நேரமில்லை, இரண்டு வேலை. தக்கை இருந்தால் குளிருக்கு எரிக்க அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
தவுராய்

சக்குப்வா
5 டிசம்பர் 2004

என் தம்பிக்கு,

நீ இருந்தால் நானும் இருக்கிறேன். அத்தை உன் பதிலைக் கேட்டுச் சிரித்தார், பிறகு அழுதார்.

புதைப்பதற்கு எனக்கு இத்தனை மாதமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவைப் பார்க்கப் போவேன். யூனிஸ் மூன்று கோப்பை வைப்பாள். அம்மா என்னை யாரோ தேவாலயத்துப் பெண் என்று நினைத்துக்கொள்கிறார். போன மாதம் என் கையைப் பிடித்து, "நீ சக்குப்வா பக்கம் போவியாம்மா? இந்தப் பொண்ணோட அம்மா அங்க தக்காளி விக்கிறா. மகள வந்து பாக்கவே மாட்டேங்கிறா. நீ போய்ச் சொல்லு" என்றார்.

"சொல்றேன்மா" என்றேன்.

அந்த வாரமே ஷமிசோவின் கல்லறைக்குப் போனேன். முதல் மழை பெய்து மண் இளகியிருந்தது. முதுகுப் பக்கமாகப் பார்த்துக் கையாலேயே தோண்டி வைத்தேன். தக்கையை என் பழைய தூளித் துணியில் சுற்றினேன், ஷமிசோவை நான் முதுகில் கட்டிக்கொண்டு திரிந்த துணி. அம்மா சொன்ன வார்த்தையில் பாதிதான் சொன்னேன். "இந்தா உன் பிள்ளை" என்றேன். "இனி வராதே" என்பதற்கு வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டே கோப்பை. "ஷமிசோ வரலியாம்மா?" என்று நானே கேட்டேன்.

அம்மா டீயை ஊதிக்கொண்டே, "அது யாரு?" என்றார்.

நோய் முற்றுகிறது என்று யூனிஸ் சொன்னாள். அப்படித்தான் இருக்கும். நான் வெளியே வந்து கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

கிறிஸ்மஸுக்கு ஒரு வரி போடு. இருமல் எப்படி இருக்கிறது?

உன் அக்கா,
ஒத்திலியா

சக்குப்வா
22 மே 2005

தவுராய்,

நீ இருந்தால் நானும் இருக்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு உன் கடிதம் வரவில்லை. ஈஸ்டருக்கும் வரவில்லை. நான் போட்டது மூன்றும் உனக்கு வந்ததா தெரியவில்லை. நீ கொடுத்த நம்பருக்குத் தபால் நிலையத்திலிருந்து பேசினேன். ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை. அவள் மறுபடி பொறுமையாகச் சொன்னாள், அப்போதும் புரியவில்லை. காசு தீர்ந்து போன் நின்றுவிட்டது. வீடு மாறியிருப்பாய். வேலை அதிகமாக இருக்கும். காகிதச் சிக்கலில் வேறு ஊருக்குப் போயிருப்பாய். ராத்திரி படுக்கும்போது இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு உடம்பில் சதை பிடித்திருக்கிறது. நகம் சுத்தம். தண்ணீர் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. நீ சொன்னதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். பேச்சு மட்டும் குறைந்து போனது, மழைக்காலம் முழுக்க வாயே திறக்கவில்லை.

இன்றைக்குப் போனேன். மேஜையில் மூன்று கோப்பை இருந்தது. நாற்காலி போட்டிருந்தது. என் பெண் திரும்ப வந்துவிட்டாள், நான் அந்தப் பாதி வார்த்தையைச் சொல்லாமல் விட்டதால் வந்துவிட்டாள் என்று ஓடிப்போய் உட்கார்ந்தேன்.

"ஷமிசோவாம்மா?"

அம்மா தலையை ஆட்டினார், இல்லை என்று. நாற்காலியைத் தடவிக் கொடுத்தார்.

"தவுராய். இப்பல்லாம் தினம் வர்றான். கைதான் சில்லுன்னு இருக்கு. அங்க அவ்வளவு குளிராம். நீயும் கொஞ்சம் தேச்சு விடேன்."

தம்பி, நான் தேய்த்துவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் அந்த நாற்காலியின் கையை இரண்டு கையாலும் தேய்த்தேன்.

நோய்தான். நீயே எழுதியிருக்கிறாய், அந்தக் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்து இன்னொரு முறை படித்தேன். உயிரோடு இருக்கிறவர்களையும் பார்ப்பார்கள் அல்லவா? அங்கே உன் கிழவர்கள் பார்ப்பதுண்டா? அதை மட்டும் எழுது.

அறுவடை முடிந்தது. இந்த வருஷம் சோளம் நல்ல பருமன். மணி உதிர்த்துத் தக்கையெல்லாம் அடுப்புக்குப் போட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் போடவில்லை. அம்மாவின் கறுப்புக் கோட்டு என்னிடம்தான் இருக்கிறது, அதன் உள்பையில் இருக்கிறது. நீ பதில் போட்டதும் எடுத்து எரித்துவிடுவேன். அன்றைக்கே எரித்து, அந்த நெருப்பில் டீ போட்டுக் குடிப்பேன்.

நீ இருக்கிறாய் என்று ஒரு வரி போடு. நானும் இருக்கிறேன்.

உன் அக்கா,
ஒத்திலியா