மாதிரி எடுத்தவர்

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை ஆய்வகத்துக்குள் நுழைந்ததும், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், முதலில் அடுப்பைப் போட்டேன். நூற்றைம்பது டிகிரிக்கு அது ஏறுவதற்குள் அலமாரியைத் திறந்து என் மாதிரித் தாள் பெட்டியை எடுத்தேன். நான் கையால் பூசிய நல்ல தாளில் ஒரு துண்டை அடுப்பில் வைத்து, அது சுருங்காமல் வெளியே வந்த பிறகுதான் அன்றைய சோதனைகளைத் தொடங்குவேன். உனக்குத் தெரியாததா? "அடுப்புக்கு ஒரு வாய் ஊட்டிட்டுத்தான் நீ டீயே குடிப்பியாக்கா?" என்று கேலி செய்து, பாதித் தொழிற்சாலையை என்னை 'அடுப்பக்கா' என்று கூப்பிட வைத்தவன் நீதானே.

மேலே இருந்த தாள் நேற்றோடு தீர்ந்துவிட்டது. அடுத்ததை எடுக்க, தாள்களுக்கு நடுவே வைக்கும் பட்டர் பேப்பரை விலக்கினேன். அதற்கடியில் இன்னொரு பட்டர் பேப்பர். அதற்கடியிலும் அதுவே. பெட்டியின் அடிமட்டம்வரை வெறும் பட்டர் பேப்பர்தான். அளவாக வெட்டி, ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தது. மொத்தம் அறுபது தாள் பூசினேன், தம்பி. இரண்டு வாரம் குனிந்தபடி நின்று, கம்பி சுற்றிய தண்டால் ஒவ்வொன்றிலும் பூச்சை இழுத்துப் பரப்பினேன். கணக்குப்படி இன்னும் முப்பத்து மூன்று இருக்க வேண்டும்.

ஒரு லாட் சரக்கைச் சோதிக்க மூன்று தாள் போதும். நீ வெளிநாடு போகும் முன், மாதிரியை நீயே கொண்டுவந்து கொடுத்து என் கையெழுத்தோடு தேறிய லாட் பதினொன்று.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். இரண்டாவது நிமிடமே நான் "சரி விடு" என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் இப்போது நன்றாக மடங்குகிறது, மாடிப்படி ஏறுகிறாள். உன் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்று உன் மனைவி அவளை இங்கே கூட்டிவந்தாள். "அத்தை, அப்பா இப்ப பெரிய ஆபீசரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது நேற்று.

ஒவ்வொரு லாட்டிலும் சோதிக்காத துண்டு ஒன்றை உறையில் போட்டு வைப்போம் அல்லவா? அந்தப் பதினொரு உறைகளையும் பிரித்தேன். துண்டுகளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். மெல்லிய கோடுகள், தலைமுடியை வகிடெடுத்துச் சீவியதுபோல. கம்பித் தண்டு விட்டுச்செல்லும் கோடு. இயந்திரத்தில் பூசிய படலத்தில் அது வரவே வராது. அத்தனையும் என் கை வேலை. என் வேலைக்கே நான் பதினொரு முறை பாஸ் போட்டிருக்கிறேன்.

அப்போதே சாய்த்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கொண்டுவந்து கொடுத்தது நீ என்பதால் பார்க்கவில்லை.

கப்பலில் போனது ஒன்பது லாட். மீதி இரண்டும் கிடங்கில்தான் இருக்கின்றன. கீழே இறங்கிப் போய் நானே ரோலைப் பிரித்து வெட்டிக்கொண்டு வந்தேன். பத்து சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள். ஒரு மணி நேரம் கழித்து அடுப்பைத் திறந்தால் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. ஓரமெல்லாம் சுருண்டு, நடுவில் வெள்ளை திட்டுத் திட்டாக வெடித்திருந்தது. சுடாத துண்டில் டேப்பை ஒட்டி உரித்தேன். முகத்துப் பவுடர் மாதிரி பூச்சு டேப்போடு வந்துவிட்டது.

மில் ஓட்டும் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். பூச்சுக்கான பீங்கான் பொடியை எட்டு மணி நேரம் அரைத்தால்தான் கட்டி உடைந்து ஒரே சீராகப் படியும். அந்தப் பதினொரு லாட்டுக்கும் எத்தனை மணி நேரம் அரைத்தீர்கள் என்றேன். மூன்று என்றார். அவரே முகம் வாடிப்போய், "சரக்கு சீக்கிரம் போகணும், அக்காகிட்ட கேட்டுட்டேன், அக்கா சரின்னுட்டாங்கன்னு தம்பி சொன்னாரேம்மா. நீங்க சொன்னா அப்புறம் நான் என்னத்தைப் பேசறது?" என்றார்.

தாளை எடுத்ததைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன். என்னிடம் கேட்காமல் என் வாயில் ஒரு 'சரி'யைப் போட்டாயே, அதைத்தான் காலையிலிருந்து மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அம்மாவின் அறுவை சிகிச்சை நாள் நினைவிருக்கிறதா? மாதிரியைச் சோதிப்பவரே நேரில் போய் வெட்ட வேண்டும் என்பது விதி. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என் தோளில் கை வைத்து, "நீ அம்மாவைப் பாருக்கா. துண்டு வெட்டற வேலைதானே, நான் பார்த்துக்கறேன். லேப் சாவியைக் குடு" என்றாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவனுக்கு இவ்வளவு பொறுப்பு எப்போது வந்தது என்று அம்மாவிடமே சொல்லிப் பூரித்தேன். அம்மா வீட்டுக்கு வந்த பிறகும், "படி ஏறி இறங்காதே, உனக்கும் முட்டி போயிடும்" என்று நீயே வெட்டிக் கொண்டுவந்தாய். அன்று உண்மையாகவே உதவத்தான் நினைத்தாயா, இல்லை அப்போதே திட்டம் இருந்ததா? இதை மட்டும் எனக்கு எழுது. எதுவானாலும் எழுது.

முதலாளியின் விருந்தாளிகளுக்கு நீ விளக்குவாயே, "பேட்டரிங்கறது ரெண்டு சம்பந்தி வீடு சார். நடுவுல மெல்லிசா ஒரு திரை. சூட்டுல திரை சுருங்கிச்சுன்னா நேருக்கு நேரா சண்டை, அப்புறம் தீதான். திரை சுருங்காம பிடிச்சிக்கறதுதான் எங்க வெள்ளைப் பூச்சு" என்று. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்தப் பேட்டரி யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் இருக்கும். பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். இது தெரியாத ஆள் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். நீ என்னைவிட நன்றாக விளக்குகிறவன்.

கிடங்கின் இரண்டு லாட்டிலும் 'நிறுத்திவை' அட்டை மாட்டியிருக்கிறேன். காரணம் கேட்ட கிடங்குக்காரரிடம் லேபிள் தப்பு என்று பொய் சொன்னேன். கப்பல் உன் புதுத் தொழிற்சாலை இருக்கும் ஊருக்கு வந்துசேர இன்னும் பதினெட்டு நாள் ஆகும்.

பதினொரு அறிக்கைகளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் 'மாதிரி எடுத்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பதினொன்றிலும் என் பெயரை எழுதியிருக்கிறேன். வெட்டியது நீ, எழுதியது நான். விதியை மீறியது தெரியக்கூடாதென்று, தம்பிதானே என்று எழுதினேன். அந்தப் பொய் என்னுடையது. அதை உன் தலையில் கட்ட மாட்டேன்.

மத்தியானம் ஒரு கடிதம் எழுதினேன். 'சோதனையில் என் கவனக்குறைவால் பிழை நேர்ந்துவிட்டது' என்று. சின்ன வயதில் நீ ஜன்னல் கண்ணாடியை உடைத்தபோது நான்தான் என்று அப்பாவிடம் போய் நின்றேனே, அதே மாதிரி. படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் நம்புவார்கள். உன் வேலை நிலைக்கும். நீ அங்கேயும் ஒரு மில்லை மூன்று மணி நேரத்தில் நிறுத்துவாய். கிழித்துப் போட்டுவிட்டேன்.

இந்தக் கடிதம் திங்கட்கிழமை உன் கையில் இருக்கும் என்றார்கள். அன்றே உன் தொழிற்சாலையில் வரும் சரக்கின் தரம் பார்க்கும் அதிகாரியம்மாவிடம் போ. கப்பலில் வருவதைப் பிரிக்கவே வேண்டாம் என்று நீயே சொல். அவர் திட்டினால் நின்று கேட்டுக்கொள். என்னைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல், காப்பாற்றாதே.

அம்மாவிடமோ, உன் மனைவியிடமோ, முதலாளியிடமோ இன்னும் வாய் திறக்கவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். நீ போனாலும் போகாவிட்டாலும், செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பதினொரு கட்டத்திலும் என் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் உன் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, முதலாளிக்கும் அந்த அதிகாரியம்மாவுக்கும் அனுப்பிவிடுவேன். அது போய்ச் சேருவதற்குள் நீ முந்திக்கொள்ள வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு போ. வெறும் வயிற்றோடு போகாதே. நன்றாக இரு, கண்ணா.

இப்போதும்
உன் அக்கா