பூட்டாத பின்கதவு

இன்று காலை காரைத் துடைக்கத் துணி தேடி டாஷ்போர்டைத் திறந்தேன். இன்சுலேஷன் டேப்பின் பசை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. வெயிலில் இளகிப்போன அந்தக் கறுப்புச் சுருள் நீங்கள் வைத்த இடத்திலேயே கிடந்தது. அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு டயாலிசிஸ் இல்லாத நாட்களில் தருமபுரம் வீட்டு வாசலில் நீங்களும் இந்தப் பழைய காரும்தான். சென்ட்ரல் லாக் கெட்டிருந்தது. மற்றக் கதவுகள் பூட்டிக்கொண்டாலும் இடதுபக்கப் பின்கதவு மட்டும் பூட்டாது. சில நேரம் யாரும் தொடாமலே மற்ற மூன்றும் பூட்டிக்கொள்ளும்.

"மெக்கானிக்கிட்ட விட்டுடலாங்க" என்றேன்.

"உக்காந்துக்கிட்டே செய்யிற வேலைதானம்மா. எனக்கு வேற என்ன இருக்கு?" என்றீர்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, பூட்டு மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தீர்கள், ஓடியது. கடைசியில், கதவுக்கு வயர் போகும் ரப்பர் குழாயைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வயர் பச்சை பூத்து அறுந்திருந்தது.

"கடல் உப்புக்காத்து தின்னுடுச்சு."

ஒட்டி, டேப் சுற்றினீர்கள். ஒரு வாரம் தாங்கவில்லை, வேறோர் இடத்தில் அறுந்தது. மறுபடி ஒட்டினீர்கள். மறுபடி அறுந்தது. மாற்றுச் சிறுநீரகம் வைக்க உங்கள் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதும் அந்த வாரங்களில்தான். கணவனும் மனைவியுமாக அதைப் பற்றி நாம் பேசவேயில்லை. வயரைப் பற்றித்தான் பேசினோம்.

ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது நாக்கு வறளுகிறது என்றீர்கள். கோவில்பத்தில் ஒரு கடையோரம் காரை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் சோடா வாங்க இறங்கினேன். எனக்குப் பின்னால் கதவுகள் தானாகப் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. முன்சீட்டில் உங்கள் தலை சாய்ந்துகொண்டிருந்தது, முகம் வெளுத்துப்போயிருந்தது.

கண்ணாடியைத் தட்டினேன், கத்தினேன். கடைக்காரர் கல்லோடு ஓடிவந்தார். "தள்ளுங்கக்கா, கண்ணாடிய ஒடச்சிடலாம்."

அப்போது கண்ணைத் திறந்தீர்கள். கையைத் தூக்க முடியவில்லை. என்னைப் பார்த்தீர்கள், பின்சீட்டுப் பக்கம் பார்த்தீர்கள், திரும்ப என்னைப் பார்த்தீர்கள்.

பின்கதவு! இழுத்தேன், திறந்துகொண்டது. உள்ளே ஏறி உங்கள் சீட்டைச் சாய்த்துப் படுக்கவைத்து, முன்கதவைத் திறந்து வந்து காலைத் தூக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் முகத்தின் வெளுப்பு மாறியது.

"கண்ணால சொன்னதக்கூடப் புரிஞ்சிக்கிட்டியே" என்று சிரித்தீர்கள். அதன்பிறகு அந்தக் கதவை நீங்கள் தொடவில்லை.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் மிச்ச மாதங்களை ஓட்டினேன். இன்னும் எத்தனையோ முறை இப்படித் தப்பித்துவிடுவோம் என்று நினைத்தேன்.

கடைசி நாள், ஐ.சி.யு.வில், உங்கள் வாயில் குழாய் இருந்தது. என்னைப் பார்த்தீர்கள். கண்ணை ஓரமாகக் கொண்டுபோனீர்கள். திரும்ப என்னைப் பார்த்தீர்கள்.

"தண்ணியா? வலிக்குதா? சர்ச் சாமியாரக் கூப்புடவா? சொல்லுங்களேன்."

எதற்கும் நீங்கள் இமைக்கவில்லை. நர்ஸ் வந்து, "போதும்மா, வெளிய இருங்க" என்றாள்.

இப்போது சோறு வடிக்கும்போதும், கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போதும், என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தேடிக்கொண்டேயிருக்கிறேன். அன்று நீங்கள் பார்த்த பக்கம் நானும் திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர்தான் இருந்தது.