ஆரஞ்சு நிறத்துக்கு நான் பொறுப்பல்ல

ஜூன் 6, சனி

காலையிலிருந்து மழை. வீடு தேக்கா சந்தைக்கு மேலே, பன்னிரண்டாவது மாடி. மீன் வாடை மட்டும் லிஃப்ட் இல்லாமலே ஏறி வருகிறது.

மதியம் அம்மாவின் அலறல். கழிப்பறையில் ஆரஞ்சு நிறம். ஃபிளஷ் வேறு அரைநாள் வேலைநிறுத்தம்.

"ஏய் வானரம்! சாயம் கலக்கி விட்டியா?"

நான் இல்லை. பற்பசை தடவிய பிஸ்கட், உப்புப் போட்ட மைலோ பானம், எல்லாம் நான்தான். இது இல்லை. யார் நம்புவார்கள்? சிறுநீர்க் குற்றத்துக்குப் பெருந்தண்டனை: ஒரு வாரம் கழிப்பறை கழுவல்.

ஜூன் 7, ஞாயிறு

சந்தேக நபர்கள்:
அம்மா. புகார்தாரர். விடுதலை.
நான். நிரபராதி!!
செல்வம் அண்ணன். புதுக்கோட்டையிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். போன மாதம்தான் எங்கள் உள்ளறைக்கு வாடகைக்கு வந்தார். தினமும் தோசையைத் தொடாமல், "கோயிலுக்குப் போயிட்டு வெளிய சாப்பிட்டுக்கிறேங்க்கா" என்று ஓட்டம். அம்மாவுக்குத் தன் சட்னிமேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

ஜூன் 8, திங்கள்

பள்ளி விடுமுறை. துப்பறிதல். அண்ணன் கோயில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கும்பிடு, நேரே கிளினிக். தாதி பார்த்துக்கொண்டிருக்க மாத்திரைகளை விழுங்கினார். பிறகு "ஆ" காட்டினார், குழந்தை மாதிரி.

திரும்பியவர் எதிரில் நான்.

"நீ இங்க என்ன பண்றே?"

"நீங்க என்ன பண்றீங்க?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். காசநோய். மாதக்கணக்காக மருந்து. அதில் ஒன்றுதான் சிறுநீரை ஆரஞ்சாக்குமாம். கண்ணீரைக்கூட! (அழ வைத்துப் பார்க்க ஆசை. அடக்கிக்கொண்டேன்.)

"எப்படிண்ணே வந்துச்சு?"

"காத்துல. யார்கிட்டேர்ந்துன்னு யாருக்குத் தெரியும்? இப்ப என்கிட்டேர்ந்து பரவாது, டாக்டர் சொல்லிட்டாங்க. ஆனா முன்ன இருந்த வீட்ல பேரைக் கேட்டதுமே பெட்டியத் தூக்கி வெளிய வச்சிட்டாங்க. உங்கம்மாவும் வச்சிட்டா எங்க போவேன்?"

கிளினிக்கில் தினமும் வாயைத் திறக்கிறவர், வீட்டில் வாயே திறக்கவில்லை.

மாலை மறுபடி ஃபிளஷ் வேலைநிறுத்தம், மறுபடி ஆரஞ்சு.

"இதுவும் நீதானே?"

"ஆமாம்மா. நான்தான்."

ஜூன் 9, செவ்வாய்

பிரஷ்ஷோடு நான் தேய்ப்பதை அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். நேரே சமையலறைக்குப் போனார்.

"அக்கா, அது பாப்பா இல்ல. நான்தான்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு கிளினிக்குக்கு நானும் வரேன். அவங்க வாயால கேட்கணும்."

உள்ளறையில் பெட்டி ஜிப் சத்தம்.

ஜூன் 10, புதன்

இருவரும் திரும்பினார்கள். அம்மா கேட்ட கேள்விகளில் பின்னால் வரிசையே நீண்டுவிட்டதாம்.

அண்ணன் மெதுவாக, "பெட்டி கட்டி வச்சிருக்கேங்க்கா..."

"அவிழ்த்து வை. மாத்திரைய வெறும் வயித்துலதான் போடணுமாமே?"

"ஆமாங்க்கா. போட்டுட்டும் கொஞ்ச நேரம் சாப்பிடக் கூடாது."

"அதானே பார்த்தேன்! சட்னில குறையில்ல. நாளைலேர்ந்து தோசைய டப்பால கட்டித் தரேன்."

"அப்ப என் தண்டனை ரத்து லா!"

"பொய் சொன்னதுக்கு இன்னொரு வாரம்."