பேச்சித்தாயின் எலுமிச்சை

12-8-83

அன்புள்ள கிருபா,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உன் மூட்டுவலி தேவலையா? அப்பா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

நீ அனுப்பிய எலுமிச்சை ஊறுகாயை என்னிடம் ராணுவச் சட்டம் படிக்கிற இளம் அதிகாரிகளுக்கும் கொடுத்தேன். பஞ்சாபிகள் போட்டிபோட்டுத் தின்றார்கள். அப்புறம்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன். பழம் கொண்டுவந்தது புளியங்குடிப் பேச்சித்தாயாமே! ஜெயிலில் இருக்கும் சிப்பாய் உச்சிமாகாளியின் அம்மா. “மேஜர் ஐயா ஒரு வார்த்த சொன்னாப் போதும்மா, எம்புள்ளய விட்ருவாவ” என்றாளாம்.

அந்த வார்த்தையை நான் சொன்னேன், கிருபா. ராணுவக் கோர்ட்டில் சட்டம் சொல்வது மட்டும்தான் என் வேலை, ஓட்டு கிடையாது. உச்சிமாகாளி கேஸில் சாட்சி போதாது என்றேன். ஓட்டுப்போடும் அதிகாரிகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அவனுக்கு ஏழு வருஷம் போட்டார்கள். அதன்பிறகுதான் கோர்ட்டே வேண்டாமென்று வாத்தியார் வேலைக்கு மாற்றல் கேட்டேன். நேற்று வகுப்பில், ‘சட்ட ஆலோசகர் சொல்வதைக் கோர்ட் ஏற்கவேண்டிய கட்டாயமில்லை’ என்று போர்டில் எழுதினேன். எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு கைத்தறித் துண்டும் கொஞ்சம் கருப்பட்டியும் அனுப்பு. ஊறுகாய் வேண்டாம். பேச்சித்தாய் மறுபடி வந்தால் பழத்தை வாங்காதே.

இல்லை, வாங்கிக்கொள். வாங்காவிட்டால் அவளுக்கு விளங்கிவிடும்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

ஜெயசிங்