பேர் இல்லாத பட்டன்கள்

படப்பை, ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு, கனிஷ்கா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

பள்ளியின் காலை ஒலிபரப்பை நான்தானே போனில் வெட்டி ஒட்டித் தருகிறேன். அந்த ஆப்பில் பட்டன்களுக்குப் பேர் இல்லை. போன் எனக்கு வாசிக்கும்போது "பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லும். ஏழாவது பட்டன் சேமிப்பது என்று எண்ணி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஆப் அப்டேட் ஆனதில் ஏழாவது அழிப்பதாகிவிட்டது. தலைமையாசிரியர் பேச்சு போய்விட்டது.

"உனக்கு இன்னாத்துக்குமா இந்த வேல? பிரசாந்த் பாத்துக்குவான்," என்றார் ஒலிபரப்பைக் கவனிக்கும் சாரதா மிஸ். பிரசாந்த் என் வகுப்புப் பையன்.

"கண்ணு தெரியாததால போகல மிஸ். பட்டனுக்குப் பேர் வைக்காம விட்டுட்டாவ," என்றேன்.

"சரி, திங்கக்கிழம பிரேயர்ல போட்டுக் காட்டு. சொதப்புனா பிரசாந்துதான்."

கவலைப்படாதீர்கள். பட்டனுக்கு நாமே பேர் வைக்கப் போனில் வழி இருக்கிறது. அறைத்தோழி ஸ்ரீமதி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல, எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டேன். அழிக்கும் பட்டனுக்கு நம் தம்பி பேர், "இசக்கி". அவன் கையில் கிடைத்தது எது மிஞ்சியிருக்கிறது? தலைமையாசிரியரை மறுபடி பேசச் சொல்லிப் பதிவு செய்து, நடுவில் கேட்ட கம்பெனி பஸ் ஹாரனையும் வெட்டிவிட்டேன்.

ஆனாலும் பயத்தில் தூக்கம் வரவில்லை. ஒன்பது மணிக்கு மேல் விடுதியில் போன் கூடாது. திரையை அணைத்துவிட்டு, காதில் இயர்போனோடு போர்வைக்குள் எழுதுகிறேன்.

வெட்டிப் பழக எனக்கு ஒரு குரல் வேண்டும். அம்மாவை அரை மணி நேரம் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். எதைப் பற்றி என்றாலும் சரி.

வார்டன் வருகிறார். நாளை சரியாக ஓடும் அப்பா. பிரசாந்தும் வரிசையில் நின்று கேட்பான்.

கனிஷ்கா