மன்னர் கழுத்திற் கண்ட கொப்புளம் பற்றிய ஓலை

ஆம்பலாறு வற்றாது ஓடுக; வெண்குடை நிழல் நீள்க. மாறவேள் மன்னரின் ஆணை தாங்கிய முதன்மந்திரி தேவன் சாத்தன், குறும்பாறை எல்லையில் பாளையம் இறங்கியிருக்கும் படைத்தலைவர் வல்லங்கிழார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் வாளும், தங்களுடன் நிற்கும் வீரரும் நலம் பெறுக.

சென்ற வெள்ளியன்று குறும்பாறைத் தூதர் அழிசிநம்பி, உடன்படிக்கை மண்டபத்தில் மன்னர்க்கு மாலை அணிவித்தார். மறுநாள் விடியலில், மாலை கிடந்த தடம் முழுதும் மன்னர் கழுத்தில் நீர்க்கொப்புளங்கள் எழுந்தன. தூதர் நஞ்சு தடவினார் என்று முதலில் உரைத்தவர் தாங்களே. அதனை நம்பித் தூதரையும், மாலை கட்டிய அரண்மனைப் பூக்காரி பூவணத்தாளையும் சிறையிட்டோம். தாங்கள் அன்றே படையுடன் எல்லைக்கு ஏகினீர்கள்.

தன் கையால் கட்டிய மாலை மன்னர் மேனியைப் புண்ணாக்கியது என்று கேட்டது முதல் பூவணத்தாள் சோறு தொடவில்லை. தூதரிடம் என்ன பெற்றாய் என்று நாம் பலவாறு மிரட்டியும், அந்த மாலையை ஒருமுறை பார்க்க விடுங்கள் என்பதொன்றே அவள் வேண்டுகோளாயிருந்தது. மூன்றாம் நாள் காட்டினோம். வாடிய செம்பரத்தைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நசுங்கிய வண்டுகள் ஐந்தை எடுத்து வைத்தாள். விரற்கணு நீளம், மெத்தென்ற உடல், கறுப்பு முதுகில் செம்மஞ்சள் பட்டைகள், அகன்ற தலைக்குப் பின்னே, நூலால் இறுக்கியது போன்ற ஒடுங்கிய கழுத்து. அன்று மழையில் நனைந்த பூவை உதறியும் இவை விழாதிருந்தன போலும் என்று தன் பிழையை மறையாது ஒப்பினாள்.

நாம் நம்பவில்லை. உயிருள்ள வண்டு ஒன்றைத் தோட்டத்திலிருந்து தருவித்தோம். அதைத் தன் முன்கையில் ஊரவிட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

"நசுங்குனாத்தான் எரிக்கும், சாமி. சும்மா ஊர்ந்து போனா ஒண்ணும் செய்யாது."

பிறகு அதனை மெல்ல அழுத்தினாள். கால் மூட்டுகளில் மஞ்சள் நீர் கசிந்தது. வேறெதையும் பூசிக்கொள்வாளோ என்று ஐயுற்று அவளருகே காவல் வைத்தோம். அந்நீரை எம் இடக்கையிலும் தடவிக்கொண்டோம். மறுநாள் இருவர் கையிலும் மன்னர்க்கு எழுந்த அதே கொப்புளம். செத்துக் காய்ந்த பின்னும் இவ்வண்டின் நஞ்சு மாறாது என்று வைத்தியர் ஆலங்காடரும் உரைத்தார்.

அங்ஙனமாயின் மாலையிலிருந்த வண்டுகளை நசுக்கியவர் யார் என்று வினவினோம். அவள் சொன்னாள்: மண்டப வாயிலில், ஊசி ஒளித்திருக்கக்கூடும் என்று, மாலையை முனை முதல் முனை வரை வலக்கைக்குள் இறுக்கி உருவிப் பார்த்தவர் படைத்தலைவராகிய தாங்களே; தங்களைச் சுட்டினால் தன் சொல் எடுபடாது என்றே இதுவரை அஞ்சியிருந்தாள். வாயிற்காவலர் இருவரும் அதனை உறுதி செய்தனர்.

சோதித்தது தங்கள் கடமை, அதிற் குற்றமில்லை. ஆயினும் அந்த வலக்கையிலும் மறுநாள் கொப்புளம் எழுந்திருக்க வேண்டும். அதனைக் கண்ட பின்னும் தூதர்மேற் பழி சொல்லிப் படை நடத்தியது ஏன் என்பதே எமக்கு விளங்கவில்லை.

தூதர் விடுவிக்கப்பட்டார். பூவணத்தாளிடம் மன்னரே பொறுத்தருளுமாறு வேண்டினார். ஓர் அம்பும் எய்யாது படை திரும்புக. இவ்வோலையைத் தங்கள் வலக்கையிலேயே கொடுக்குமாறு ஆலங்காடரைப் பணித்துள்ளோம். தாங்கள் இவ்வரியைப் படிக்கும்முன் தங்கள் விரலிடுக்குகளை அவர் கண்டிருப்பார். ஆகவே சபையில் தாங்கள் விடை கூற வேண்டுவது கையைப் பற்றியன்று, அதன் கொப்புளத்தை மறைத்து வாய் திறவாதிருந்ததைப் பற்றியே.

மன்னர் செவிமடுக்க வாசித்து, ஆமை முத்திரை பொறித்து விடுத்தோம். தாழாது வருக.