சைலன்சருக்கு நான் போட்ட ஒட்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் தலை, காரின் அடிவயிறு, என் இடது கைக் கட்டைவிரல் ஆகிய மூன்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் எல்லோரும் நலம். நீயும் மருமகளும் நலம் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும், எப்போது கேட்டாலும் நல்லாத்தான் இருக்கோம் என்று ஒரே பல்லவி. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் கார் என்று நான் வாயெடுத்தாலே மெக்கானிக்கிட்ட விடும்மா என்று கதையை முடித்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நம் கார் திடீரென்று உறும ஆரம்பித்தது. அப்பா காலையில் வண்டியை எடுத்தால் தெருவே எழுந்து உட்காரும். எதிர்வீட்டு நர்ஸ், அந்த அம்மாவுக்குப் பகலில்தான் தூக்கம், வாசலில் வந்து நின்று, லாரி வாங்கிட்டீங்களா, சொல்லவே இல்லையே என்று கேட்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தேன், சைலன்சரில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை. இதற்கு ஒரு மெக்கானிக்கா என்று நானே பால்பவுடர் டப்பா ஒன்றை வெட்டி, ஓட்டையின்மேல் சுற்றி, குழாயை நெம்பித் தூக்கி, இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினேன். சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் வவுச்சர் எழுதுகிற நேரத்தைவிட அந்த டப்பாக் கதையைச் சொன்ன நேரம்தான் அதிகம். மேலதிகாரியின் காருக்குக்கூட நான் பார்த்துத் தரட்டுமா என்று கேட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டே போய்விட்டார், இப்போது நினைத்தால் அவர் பிழைத்தார்.

அப்போதுதான் அப்பாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய், வரைபட அலுவலகத்தில் நாள் முழுக்கக் குனிந்து கோடு போட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருகிறவர், வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவார். நான் சும்மா இருப்பேனா, புது மூக்குக்கண்ணாடி என்றேன், ரேடியோச் சத்தம் என்றேன், உன் அத்தை தினமும் போனில் அழுவதுதான் காரணம் என்றேன். அவரும் ஒருநாள், வண்டியில ஏறினாத்தான் வலிக்குதுன்னு தோணுது என்று மெதுவாகச் சொன்னார். என் தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னா மட்டும் உங்களுக்கு வண்டி ஆகாதே என்று நான் பாய்ந்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, வாயால் சொல்ல மாட்டார், எதையாவது குறித்து வைப்பார். சமையலறைக் காலண்டரில் பென்சிலால் சின்னச் சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். நான் அதெல்லாம் அவர் நடைப்பயிற்சி போன நாள் என்று நினைத்து, உங்க சகலை இந்த மாசம் பதினேழு நாள் நடந்திருக்கார் என்று தங்கச்சியின் வீட்டுக்காரரிடம் பெருமை வேறு அடித்தேன். அந்த ஆளும் வெட்கப்பட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாராம்.

போன வாரம் ரேஷன் தேதி பார்க்கக் காலண்டர் பக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலும் வட்டம் இல்லை. அவர் சளி என்று நான்கு நாள் லீவு போட்ட வாரத்தில், அந்த நான்கு நாளிலும் இல்லை. சளியோடு யார் நடக்கப் போவார் என்று யோசிக்காமல், இந்த நாளுக்கெல்லாம் ஏன் வட்டம் இல்லை என்று அவரிடமே கேட்டேன். அன்னைக்கெல்லாம் தலை வலிக்கலை என்றார், அவ்வளவுதான். வட்டம் போட்ட நாளெல்லாம் அவர் வண்டி ஓட்டித் தலை வலித்த நாள். அப்போதே மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும், எந்தக் காரைப் பார்த்தாலும் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிற்பாரே, நாங்கள் பெருமூச்சு என்று பேர் வைத்தவர். அவர் வண்டிக்குக் கீழே போய், வந்து, மூன்று பெருமூச்சு விட்டார். யார்ம்மா இந்த டப்பாவைப் போட்டது என்றார். நான்தான் என்றேன். டப்பா நல்லாத்தான் போட்டிருக்கீங்க, ஆனா அதுக்காகக் குழாயை நெம்பினதுல முன்னாடி ஜாயிண்ட் வாயைப் பொளந்துடுச்சு, டிரைவர் சீட்டுக்கு நேர் கீழ, தரையில ரப்பர் மூடி ஒண்ணு வேற விழுந்துபோயிருக்கு, புகை நேரா சாருக்குத்தான் போயிருக்கு, அதுல இருக்குற விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, தூங்குற மாதிரியே ஆளைக் கொண்டு போயிடும் என்றார். மழைக்குப் பயந்து உன் அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டியது இரண்டு மாதம். அப்பாவை அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன், ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, வண்டியைச் சரி பண்ணும்வரை அதில் ஏறாமல் இருந்தால் சரியாகிவிடும் என்றார். நீ பதற வேண்டாம், அதற்காகத்தான் இதை இந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன்.

இனி வண்டி வேலை. பெருமூச்சின் பட்டறையில் வண்டி தூக்குகிற லிஃப்ட் பழுது, பத்து நாள் ஆகும் என்றார். நான் கெடுத்ததை நானே மாத்துறேன், நீங்க வந்து சரி பார்த்தா போதும் என்றேன். நாலாவது பெருமூச்சு விட்டார், ஆனால் வண்டியைத் தூக்க ஜாக்கியும் தாங்க இரண்டு ஸ்டாண்டும் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் சக்கரத்துக்குச் செங்கல் வைத்து, வண்டியைத் தூக்கி, அட்டையை விரித்துப் படுத்தேன். அந்த நட்டுகள் இருக்கிறதே, அவை நட்டே இல்லை, துருவில் செய்த உருண்டைகள். துரு எண்ணெய் அடித்துக் காத்திருந்தேன், ஸ்பேனர் வழுக்கியது, கட்டைவிரல் நசுங்கியது, ஒரு போல்ட் கழன்று வருகிறது என்று சந்தோஷப்பட்டால் அது பாதியில் முறிந்து வந்தது. கண்ணில் துரு விழுந்தது. அப்பா டார்ச் பிடிக்கிறேன் என்று வந்து சரியாக என் மூஞ்சியில் அடித்தார், என் மூஞ்சியிலயா நட்டு இருக்கு என்று கத்தினேன். நர்ஸ் ஜன்னலிலிருந்து, வலது பக்கம் திருப்புங்கக்கா என்று யோசனை சொன்னாள், எந்த வலது என்று கேட்டதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஒருவழியாகப் பழைய குழாயையும் சைலன்சரையும் இறக்கிவிட்டுப் புதுக் குழாயை வைத்தால் நாலு விரல் நீளம் அதிகம். கடைக்காரன் நம் வண்டிக்கு அடுத்த வருஷத்து மாடலின் குழாயைக் கட்டிக் கொடுத்திருக்கிறான். போய் நின்றால், நீங்க வருஷம் சொல்லலையே மேடம் என்கிறான், சொன்னேன், துண்டுச்சீட்டில் எழுதியே கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சரியான குழாய் வந்தது. ரப்பர் வளையங்களில் சைலன்சரைத் தொங்கவிட்டு, இணைப்பை இறுக்கி, தரை ஓட்டைக்கு ரப்பர் மூடி போட்டு, வெளியே வந்து முதுகை நிமிர்த்தும்போது, மேலே மாட்டியிருந்த அப்பாவின் பழைய சட்டைப்பையில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் கேஸ்கட்டு, இணைப்புக்கு நடுவில் வைத்துப் புகையை அடைக்கிற வளையம். எந்த இடத்தில் புகை கசிந்ததோ அந்த இடத்துக்கென்று வாங்கிய கேஸ்கட்டு, நான் அதைப் பத்திரமாக என் பையில் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மாட்டியிருக்கிறேன். கோபத்தில் ஸ்பேனரை வீசினேன், அது பூந்தொட்டியை உடைத்தது. அப்பா ஸ்பேனரை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். எனக்கு அதுதானடா தாங்கவில்லை. ஏன் என்னைத் திட்ட மாட்டேங்கறீங்க, ரெண்டு மாசமா உங்களைக் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன் என்று மறுபடி காருக்கு அடியில் புகுந்து அங்கிருந்தே கத்தினேன். திட்டினா நீ இன்னொரு போல்ட்டை முறிப்பே, முதல்ல மாட்டு என்றார்.

மாட்டினேன். பெருமூச்சு வந்து, வண்டியை ஓடவிட்டு, ஜாயிண்ட் ஜாயிண்ட்டாகக் கையைப் பக்கத்தில் காட்டிப் பார்த்து, அந்த வாயு இருந்தால் காட்டுகிற கையளவு மீட்டரை உள்ளே சீட்டின்மேல் வைத்தார். கண்ணாடியெல்லாம் ஏற்றிக் கால் மணி நேரம். முள் அசையவில்லை. முதல் தடவையாகப் பெருமூச்சு விடாமல் கிளம்பிப் போனார். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நான் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன், அதற்குப் பிறகு நீங்கள் ஏறினால் போதும் என்று சாவியை எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருக்கிறார். இறங்குங்க, ஏதாவது ஆனா ரெண்டு பேருக்கும் சேர்ந்து ஆயிடும் என்றேன். ஆனா ஆகட்டும், அப்பவாவது பையன் லீவு போட்டு வருவான்ல என்றார்.

வண்டியை எடுத்தேன். ஒரு மணி நேரம் ஓட்டினேன், இரண்டு பேருக்கும் தலை வலிக்கவில்லை, அவர் பாதி வழியில் குறட்டை விட்டதும் நான் மட்டும் பயந்துபோய் நாலு தடவை தட்டி எழுப்பினேன், நாலாவது தடவை திட்டினார். நிம்மதியாக இருந்தது.

உன் வண்டியின் அடிப்பக்கத்தை இந்த வாரமே யாரிடமாவது காட்டு, நீயே படுத்துப் பார்க்காதே, என் கை உனக்கும் இருக்கும். மருமகள் தலை வலிக்கிறது என்றால் காரணம் சொல்ல ஆரம்பிக்காமல் முதலில் காது கொடுத்துக் கேள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். லீவு எப்போது கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. அப்பாதான் கேட்கிறார், வழக்கம்போல வாயைத் திறக்காமல்.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா